/யூஎஸ்ஆர் தனி பார்ட்டிஷன் ஆக்குனேன், பூட் ஆகாம இனிட்ராம்எஃப்எஸ் ப்ராம்ப்ட்ல நிக்குது, அவசரம்

நீடா_ஜெராக்ஸ்கடை | ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துல ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். கடையில ஒரே சிஸ்டம், டெபியன் 12 லினக்ஸ், 128 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டில ரூட் (சிஸ்டத்தோட மெயின் பார்ட்டிஷன்) இருக்கு, பழைய 500 ஜிபி சாட்டா ஹார்ட் டிஸ்க் ஒண்ணு டேட்டாவுக்கு. எங்க பக்கம் கரண்ட் ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ போயி வரும், யூபிஎஸ் பேட்டரி செத்து மூணு மாசம் ஆச்சு. ப்ரோக்ராம் இருக்குற /யூஎஸ்ஆர் ஃபோல்டர தனி பார்ட்டிஷனா பிரிச்சு ரீட்-ஒன்லியா வச்சா திடீர்னு ஆஃப் ஆனாலும் கெட்டுப்போகாதுன்னு ஒரு பழைய கைடுல படிச்சேன், அதான் இன்னிக்கு கடை லீவுன்னு உக்காந்து ஹார்ட் டிஸ்க்ல 40 ஜிபி பிரிச்சு /யூஎஸ்ஆர்-அ அப்படியே காப்பி பண்ணி எஃப்எஸ்டேப்ல (எந்த பார்ட்டிஷன எந்த ஃபோல்டர்ல மவுண்ட் பண்ணணும், அதாவது மாட்டணும்னு சொல்ற ஃபைல்) அதோட யூயூஐடி (பார்ட்டிஷனோட அடையாள எண்) போட்டு ரீஸ்டார்ட் குடுத்தேன்.

அரை நிமிஷம் சும்மா நிக்குது, அப்புறம் /யூஎஸ்ஆர் ஃபைல் சிஸ்டத்தோட டிவைஸுக்கு காத்திருந்து வரலன்னு ஒரு மெசேஜ், அடுத்து அந்த யூயூஐடி இல்லவே இல்லன்னு அலர்ட், அதோட இனிட்ராம்எஃப்எஸ்ங்கற பூட் ஆரம்ப கட்டத்தோட ப்ராம்ப்ட்ல வந்து உக்காந்துருது. யூயூஐடிய மூணு தடவ சரிபாத்துட்டேன், ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து வச்சிருந்தேன், ஒரு எழுத்து கூட மாறல.

நாளைக்கு காலையில பயிர் இன்சூரன்ஸ் கட்டுறவங்க சிட்டா, அடங்கல், பேங்க் பாஸ்புக்னு காப்பி எடுக்க வரிசையா வருவாங்க, ப்ரிண்டர் எல்லாம் இந்த சிஸ்டத்துலதான். யாராச்சும் வழி சொல்லுங்க.


வெத்தலைக்கொடி | ஞாயிறு இரவு 9.52

அண்ணே மொதல்ல பதறாதீங்க, டேட்டா எங்கயும் போகல. பழைய /யூஎஸ்ஆர்-அ ரூட்லேர்ந்து அழிச்சிட்டீங்களா இல்ல அப்படியே இருக்கா? இருந்துச்சுன்னா எஃப்எஸ்டேப்ல அந்த ஒரு வரிய கமெண்ட் (முன்னாடி # போட்டு செல்லாம ஆக்குறது) போட்டாலே பழையபடி வந்துரும்.


நீடா_ஜெராக்ஸ்கடை | ஞாயிறு இரவு 9.55

அழிச்சிட்டேம்மா. காப்பி முடிஞ்சதும் லைவ் யூஎஸ்பிலேர்ந்தே பழசை டெலீட் பண்ணிட்டேன், அந்த யூஎஸ்பிய ஃபார்மட் பண்ணி கஸ்டமர் ஒருத்தருக்கு ஃபோட்டோ ஏத்திக் குடுத்துட்டேன்.


பழைய_டெபியன் | ஞாயிறு இரவு 10.10

தம்பி, கும்பகோணத்துலேர்ந்து எழுதுறேன். ஒரு கேள்வி, அந்த ப்ராம்ப்ட்ல cat கமாண்ட வச்சு /ப்ராக்/பார்ட்டிஷன்ஸ் ஃபைல தொறந்து பாரு (கேட் கமாண்டுதான், பிஸிபாக்ஸ்ல இருக்கும்). ரெண்டு டிஸ்க்கும் தெரியுதா, என்விஎம்இ மட்டும் தெரியுதான்னு சொல்லு. டிஸ்க் பட்டியல் காட்டுற எல்எஸ்பிஎல்கே அங்க இருக்காது, தேடாத.

நீ பண்ணதுல தப்பு எங்கன்னு எனக்கு இப்பவே ஒரு சந்தேகம் இருக்கு, பாத்துட்டு சொல்றேன்.


நீடா_ஜெராக்ஸ்கடை | ஞாயிறு இரவு 10.18

என்விஎம்இயும் அதோட மூணு பார்ட்டிஷனும் மட்டும்தான் தெரியுது சார். எஸ்டிஏன்னு (சாட்டா டிஸ்க்கோட பேரு) ஒண்ணும் இல்ல. ஆனா பயாஸ்ல ஹார்ட் டிஸ்க் பேரு வருது, டிஸ்க் சுத்துற சத்தமும் கேக்குது.


பழைய_டெபியன் | ஞாயிறு இரவு 10.37

அப்ப சந்தேகம் சரிதான். டிஸ்க் நல்லா இருக்கு, யூயூஐடியும் சரி, எஃப்எஸ்டேப்பும் சரி. சாட்டா கண்ட்ரோலருக்கான ட்ரைவர் இனிட்ராம்எஃப்எஸ்குள்ள இல்ல, ஏஹெச்சிஐ மாட்யூல்.

பூட் எப்படி நடக்குதுன்னு ஒரு தடவ முழுசா சொல்லிடுறேன், இது தெரியாமத்தான் பாதி பேரு எஃப்எஸ்டேப்பையே மாத்தி மாத்தி ராத்திரிய ஓட்டுறாங்க. க்ரப்ங்கற பூட் லோடர் என்ன பண்ணுதுன்னா கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் இமேஜையும் மெமரில ஏத்துது, கெர்னல் அந்த இமேஜ ராம்லயே ஒரு குட்டி ரூட்டா விரிச்சு அதுல இருக்குற இனிட்ட ஓட்டுது, அந்த குட்டி சிஸ்டத்தோட வேலை ஒண்ணே ஒண்ணு, நிஜ ரூட்டை கண்டுபிடிச்சு மவுண்ட் பண்ணி அதுகிட்ட பொறுப்பை குடுக்குறது. டெபியன்ல அது ரூட்டை ரீட்-ஒன்லியா மவுண்ட் பண்ண கையோட அந்த ரூட்டுக்குள்ள இருக்குற எஃப்எஸ்டேப்ப தொறந்து பாக்கும், /யூஎஸ்ஆர்னு ஒரு வரி இருந்தா அதையும் அங்கேயே மவுண்ட் பண்ணிட்டுத்தான் சிஸ்டம்டிய (மத்த சர்வீஸ் எல்லாத்தையும் எழுப்புற ப்ரோக்ராம்) கூப்புடும். மத்த பார்ட்டிஷன், /வார், /ஹோம், /எஸ்ஆர்வி எல்லாம் சிஸ்டம்டி வந்தப்புறம் அது எஃப்எஸ்டேப்ப படிச்சு மவுண்ட் யூனிட்டா மாத்தி பண்றது.

அதாவது /வார் ஹார்ட் டிஸ்க்ல இருந்திருந்தா உனக்கு இந்த பிரச்சனையே வந்திருக்காது, சிஸ்டம்டி வர்ற நேரத்துல ரூட் டிஸ்க்ல இருக்குற எல்லா மாட்யூலும் கையில இருக்கும், ஹார்ட்வேர கவனிக்கிற யூடெவ் ஏஹெச்சிஐய தானா ஏத்திரும். /யூஎஸ்ஆர் மட்டும் அதுக்கு முன்னாடியே வேணும். டெபியன் 12ல /பின், /எஸ்பின், /லிப் மூணுமே /யூஎஸ்ஆர்குள்ள போற சிம்லிங்க் (குறுக்குவழி), சிஸ்டம்டியே அங்கதான் இருக்கு, கெர்னல் மாட்யூல்களும் அங்கதான். /யூஎஸ்ஆர் இல்லாம உன் ரூட்ல ஓட்டுறதுக்கு ஒரு ஷெல் கூட கிடையாது.

இப்ப கேள்வி, டெபியன்ல இயல்பா இமேஜ் பண்ணும்போது மாட்யூல்ஸ்=மோஸ்ட்னு இருக்கும், அப்ப எல்லா ஹார்ட் டிஸ்க் ட்ரைவரும் உள்ள போயிரும். உன்னுது ஏன் போகல? /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்ல அந்த செட்டிங்க யாராவது டெப்னு மாத்துனீங்களா?


நீடா_ஜெராக்ஸ்கடை | ஞாயிறு இரவு 10.49

ஆமா சார்!! ஒரு மாசம் முன்னாடி கெர்னல் அப்டேட் வந்தப்ப /பூட்ல எடம் இல்லன்னு எரர் வந்துச்சு, /பூட் தனியா 250 எம்பிதான், சிஸ்டம் போட்டுக் குடுத்தவர் அப்படி வச்சிட்டாரு. அப்ப எங்கயோ படிச்சுட்டு டெப்னு மாத்துனேன், இமேஜ் சின்னதாயி அப்டேட் ஏறிருச்சு, அதோட மறந்துட்டேன்.


மூணாறுதலைப்பு | ஞாயிறு இரவு 10.58

நான் மன்னார்குடில சிஸ்டம் அட்மின் வேலை பாக்குறேன், நம்ம ஊருக்கு பக்கத்துல ஒருத்தர் மாட்டிக்கிட்டு இருக்கார்னு பாத்துட்டு வந்தேன். கதை முழுசா வெளங்கிருச்சு. டெப்னா ‘ரூட்டுக்கு எது தேவையோ அது மட்டும்’னு அர்த்தம், அன்னிக்கு ரூட் என்விஎம்இல இருந்துச்சு, சாட்டா தேவைப்படல, அதனால ஏஹெச்சிஐய விட்டுருச்சு. இன்னிக்கு நீங்க /யூஎஸ்ஆர்-அ நகத்துனீங்க, ஆனா இமேஜ திரும்ப செய்யல. அந்த இமேஜ்க்கு உங்க புது எஃப்எஸ்டேப் தெரியுது, அதுல சொல்ற டிஸ்க்குக்கு போற வழி தெரியல.

கோரையாத்துல தண்ணி வரணும்னா மொதல்ல வெண்ணாத்துல தண்ணி வந்து ஆறு பிரியுற மூணாறு தலைப்புல நிக்கணும், வெண்ணாறு காஞ்சு கெடக்கும்போது இங்க ஷட்டரை எவ்வளவு தூக்குனாலும் என்ன வரப்போவுது. எஃப்எஸ்டேப் வரிங்கறது ஷட்டர்தான், ட்ரைவர்தான் தண்ணி.

இப்ப நல்ல சேதி. லைவ் யூஎஸ்பி வேண்டாம். க்ரப் மெனுல அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்னு ரெண்டாவது வரி இருக்கும், அதுல போயி பழைய கெர்னலை தேர்ந்தெடுங்க. நீங்க டெப்னு மாத்துறதுக்கு முன்னாடி செஞ்ச இமேஜ் அது, இமேஜ திரும்ப செய்யும்போது சாதாரணமா புது கெர்னலோடத மட்டும்தான் தொடும், பழசை தொடாது. அப்ப அதுக்குள்ள ஏஹெச்சிஐ இருக்கணும்.


நீடா_ஜெராக்ஸ்கடை | ஞாயிறு இரவு 11.06

வந்துருச்சு!!! டெஸ்க்டாப் வந்துருச்சு. கை நடுங்குது எனக்கு. ரொம்ப ரொம்ப நன்றிண்ணே, நன்றி சார். இப்ப என்ன பண்ணணும், இப்படியே விட்டுட்டு தூங்கவா?


மூணாறுதலைப்பு | ஞாயிறு இரவு 11.15

கடைய ஓட்டுறதுக்கு இது போதும், ஆனா விடியக்காலையில கரண்ட் போயி வந்தா அது தானா புது கெர்னல்லதான் போயி நிக்கும், அதனால இப்பவே முடிச்சிருங்க, பத்து நிமிஷ வேலை.

மொதல்ல ஃபைண்ட்மவுண்ட் /பூட்னு அடிச்சு /பூட் நெசமாவே மவுண்ட் ஆகியிருக்கான்னு பாருங்க. இத நான் அழுத்தி சொல்றேன், /பூட் மவுண்ட் ஆகாத நேரத்துல இமேஜ் செஞ்சீங்கன்னா அது ரூட்ல இருக்குற வெறும் /பூட் ஃபோல்டர்லதான் வேலை பாக்கும், க்ரப் பழைய இமேஜயே படிச்சிக்கிட்டு இருக்கும், நீங்க பத்து தடவ செஞ்சாலும் மாறாது. எங்க ஆபீஸ்ல ஒரு சர்வருக்கு ரெண்டு நாள் இப்படி போச்சு.

அப்புறம் /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/மாட்யூல்ஸ் ஃபைல்ல ஏஹெச்சிஐ ஒரு வரி, எஸ்டி_மோட் ஒரு வரி சேருங்க. செட்டிங் டெப்லயே இருக்கட்டும், உங்க /பூட் சின்னது. அடுத்து அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ. எல்லா கெர்னலுக்கும் செய்யிற -கே ஆல் மட்டும் இன்னிக்கு போடாதீங்க, ஓடுற பழைய இமேஜ் ஒண்ணு கையில இருக்கணும். முடிஞ்சதும் எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்ல புது இமேஜ் பேரை குடுத்து ஏஹெச்சிஐன்னு க்ரெப் பண்ணி (தேடி) பாருங்க, வரி வந்தாத்தான் ரீஸ்டார்ட்.


பழைய_டெபியன் | ஞாயிறு இரவு 11.24

இதுல நான் கொஞ்சம் மாறுபடுறேன். டெப்ப விட்டுட்டு மோஸ்டுக்கே திரும்பணும். நாளைக்கு இந்த போர்டு செத்து டிஸ்க்க வேற சிஸ்டத்துல மாட்டுனா அப்ப மறுபடி இதே கதை. /பூட்ல எடம் பத்தலன்னா ரெண்டு வழி இருக்கு, ஓடாத பழைய கெர்னல்ல ஒண்ணை பர்ஜ் (முழுசா நீக்குறது) பண்ணலாம், இல்ல கம்ப்ரெஸ்=எக்ஸ்இஸட்னு போடலாம், டெபியன் 12 இயல்பா இஸட்எஸ்டிடில பண்ணுது, எக்ஸ்இஸட் அதைவிட நல்லா சுருக்கும், செய்ய கொஞ்சம் நேரம் கூட ஆகும் அவ்ளோதான்.


மூணாறுதலைப்பு | ஞாயிறு இரவு 11.29

சார் சொல்றது நீண்டநாளைக்கு சரி, ஒத்துக்கிறேன். இன்னிக்கு ராத்திரிக்கு அந்த ரெண்டு வரி போதும், மோஸ்ட் வேலைய கூட்டம் கொறஞ்சப்புறம் பண்ணிக்கலாம். ராத்திரி பன்னெண்டு மணிக்கு கெர்னல் பர்ஜ் பண்ண வேண்டாம்.


நீடா_ஜெராக்ஸ்கடை | ஞாயிறு இரவு 11.47

ரெண்டு வரி போட்டேன், க்ரெப்ல ஏஹெச்சிஐ வந்துச்சு, புது கெர்னல்லயே பூட் ஆயிருச்சு. ஆனா முன்னவிட ரொம்ப ஸ்லோவா வருது, லிப்ரெஆபீஸ் தொறக்கவே நேரம் ஆகுது.


வெத்தலைக்கொடி | திங்கள் காலை 6.30

அண்ணே ஸ்லோவுக்கு காரணம் ப்ரோக்ராம் எல்லாம் இப்ப சுத்துற டிஸ்க்லேர்ந்து வருது, முன்னாடி என்விஎம்இலேர்ந்து வந்துச்சு.

எனக்கு ஒரு சந்தேகம், பெரியவங்க சொல்லுங்க. ஸ்கூல்ல குடுத்த அரசு லேப்டாப்ல பாஸ் லினக்ஸ் இருந்துச்சு, அதுலதான் நான் மொதல்ல லினக்ஸ் பாத்தேன், அதுலேர்ந்தே இந்த கேள்வி இருக்கு. ப்ரோக்ராம் இருக்குற ஃபோல்டருக்கு யூசர்னு வர்ற மாதிரி ஏன் /யூஎஸ்ஆர்னு பேரு? ஏன் தனியா பிரிச்சாங்க?


பழைய_டெபியன் | திங்கள் காலை 7.15

நல்ல கேள்விம்மா. 1970கள்ல பெல் லேப்ஸ்ல கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-11 மெஷின்ல யூனிக்ஸ் ஓட்டுனப்ப டிஸ்க் எல்லாம் ரொம்ப சின்னது, கழட்டி மாட்டுற ஒரு டிஸ்க் 2.5 எம்பி. ரூட் ஒரு டிஸ்க்ல, ஆளுங்களோட ஃபைல் எல்லாம் இன்னொரு டிஸ்க்ல /யூஎஸ்ஆர்ல. அங்க நெசமாவே யூசர்கள் இருந்தாங்க, இன்னிக்கு /ஹோம் இருக்குற மாதிரி. சிஸ்டம் பெருசாகி ரூட் டிஸ்க்ல எடம் பத்தாமப் போனதும் ப்ரோக்ராம்களும் அந்தப் பக்கம் வழிஞ்சு போச்சு. அப்ப ஒரு விதி வேண்டியதாச்சு, ரெண்டாவது டிஸ்க்க மவுண்ட் பண்றதுக்கு தேவையான கமாண்ட் எல்லாம் மொதல் டிஸ்க்லயே இருக்கணும்னு. /பின் வேற /யூஎஸ்ஆர்/பின் வேறன்னு ஆனது அதுல வந்ததுதான்.

ட்ரைவர் தேடுறது, ரிப்பேர் பண்றதுன்னு அந்த மொதல் டிஸ்க் பாத்த வேலைய இன்னிக்கு இனிட்ராம்எஃப்எஸ் பாக்குது. அதனால பிரிவுக்கே காரணம் போச்சு. ஃபெடோரா 2012ல 17வது வெளியீட்டுலயே ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க. டெபியன் 2017ல 9 வந்தப்பவே பூட் ஆனப்புறம் /யூஎஸ்ஆர்-அ மவுண்ட் பண்றத இனிமே ஆதரிக்க மாட்டோம், இனிட்ராம்எஃப்எஸ்தான் பண்ணணும்னு சொல்லிட்டாங்க, 2023ல 12 வந்தப்ப ஒண்ணாக்குன அமைப்பு மட்டும்தான்னு முடிச்சிட்டாங்க. தம்பி படிச்ச கைடு அதுக்கெல்லாம் முந்தி எழுதுனதா இருக்கும்.


கடைமடைக்காரன் | திங்கள் காலை 10.20

வேதாரண்யம் பக்கத்துலேர்ந்து. நேத்து ராத்திரியே படிச்சேன், எழுத முடியல. கரண்டுக்கு பயந்து பார்ட்டிஷன் பிரிச்சேன்னு தம்பி சொன்னது எனக்கு நல்லா புரியுது, 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் அடிச்சு எங்க பக்கம் வாரக்கணக்குல கரண்ட் இல்ல, அப்புறம் வந்ததும் ஒரு நாளைக்கு எத்தனை தடவ போவும்னு கணக்கே கிடையாது. அப்ப நான் உரக்கடை பில்லிங் சிஸ்டம் ரெண்டு மூணு கடைக்கு பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஒரு கடையில பில் டேட்டா /எஸ்ஆர்விய தனி டிஸ்க்ல வச்சிருந்தேன். டிஸ்க் சில நாள் லேட்டா எழுந்திரிக்கும், சிஸ்டம்டி 90 செகண்ட் காத்திருந்து பாத்துட்டு எமர்ஜென்சி மோடுக்கு போயிரும், ரூட் பாஸ்வேர்டு போடாத சிஸ்டம், ரூட் அக்கவுண்ட் லாக் ஆகியிருக்கு கன்சோல் தொறக்க முடியாதுன்னு சொல்லிட்டு அப்படியே நிக்கும். கடைக்காரர் எனக்கு ஃபோன் பண்ணுவாரு, நான் பத்து கிலோமீட்டர் பைக்ல போவணும். அதனால எஃப்எஸ்டேப்ல நோஃபெயில் போட்டேன். பூட் ஆயிருச்சு, எனக்கும் நிம்மதி.

ஒரு வாரம் கழிச்சு அவரு ஃபோன் பண்ணி ரெண்டு நாள் பில்ல காணோம்னு சொன்னாரு. யூரியா, டிஏபி கடன்ல வாங்கிட்டு போனவங்க கணக்கு எல்லாம் அதுல. நான் போயி பாத்தா டிஸ்க்ல அந்த ரெண்டு நாள் இல்லவே இல்ல. என்ன ஆச்சுன்னா நோஃபெயில் போட்டா டிஸ்க் வராட்டியும் பரவால்லன்னு மட்டும் அர்த்தம் இல்ல, அந்த மவுண்டுக்காக காத்திருக்கவும் வேண்டாம்னு அர்த்தம், லோக்கல்-எஃப்எஸ் டார்கெட்டுக்கு (டிஸ்க் எல்லாம் ரெடிங்கற கட்டம்) முன்னாடி அது முடியணும்ங்கற வரிசையே போயிரும். அந்த ரெண்டு நாளும் டிஸ்க் எழுந்திரிக்கல, பில்லிங் ப்ரோக்ராம் மவுண்ட் ஆகாத வெறும் /எஸ்ஆர்வி ஃபோல்டர்ல, அதாவது ரூட் டிஸ்க்ல புதுசா ஒரு கணக்கு தொறந்து எழுதியிருக்கு. மூணாவது நாள் டிஸ்க் வந்ததும் அது மேல மவுண்ட் ஆகி எழுதுனதெல்லாம் மறைஞ்சுபோச்சு.

அழியல, மறைஞ்சிருந்துச்சு. மவுண்ட் --பைண்ட் போட்டு ரூட்டை /எம்என்டில மாட்டி பாத்தா அடியில ரெண்டு நாள் பில்லும் பத்திரமா இருந்துச்சு. அந்த ஃபைல பாத்தப்ப எனக்கு இருந்த நிம்மதிய சொல்ல முடியாது, அந்த மனுஷன் புயல்ல தென்னந்தோப்பே போயி கடைய வச்சுத்தான் பொழப்பு ஓட்டிக்கிட்டு இருந்தாரு.

அதுக்கப்புறம் நான் செய்யிறது: மவுண்ட் ஆகாத நேரத்துல அந்த வெறும் ஃபோல்டருக்கு சாட்டர் +ஐ போட்டுருவேன், டிஸ்க் வரலன்னா ரூட்டே நெனச்சாலும் அதுல எழுத முடியாது, எழுதப் போனா எரர் வரும், மவுண்ட் ஆனா வழக்கம்போல ஓடும். பில்லிங் சர்வீஸ் யூனிட்ல ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/எஸ்ஆர்வி ஒரு வரி, டிஸ்க் வராட்டி அந்த சர்வீஸ் மட்டும் எழுந்திரிக்காது, மத்தது ஓடும். அதோட நோஃபெயில் பக்கத்துல எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட் 15 செகண்ட்.


மூணாறுதலைப்பு | திங்கள் மதியம் 1.05

இத அப்படியே எடுத்து வச்சுக்கிறேன் அண்ணே. நோஃபெயில் டேட்டா டிஸ்குக்கு சரி, /வாருக்கு போடவே கூடாதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றதுக்கு இதுதான் காரணம். /வார் வராம சர்வீஸ் எழுந்திரிச்சா ப்ரிண்ட் ஸ்பூல், லாக், டிபிகேஜி (பேக்கேஜ் போடுற ப்ரோக்ராம்) கணக்குன்னு எல்லாம் வெறும் ஃபோல்டர்ல ஆரம்பிச்சிரும்.

இன்னொண்ணு, சில பேரு பாதுகாப்புக்குன்னு /வாருக்கு நோஎக்ஸெக் (அங்க இருக்குற எதையும் ஓட்ட விடாத செட்டிங்) போடுவாங்க. டிபிகேஜி பேக்கேஜ் போடும்போது ஓட்டுற ஸ்க்ரிப்ட் எல்லாம் /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோலதான் இருக்கு, நோஎக்ஸெக் போட்டா அடுத்த அப்டேட்லயே நின்னுரும். நோசூயிட், நோடெவ் போதும்.


நீடா_ஜெராக்ஸ்கடை | திங்கள் இரவு 9.15

இன்னிக்கு கடை நல்லபடியா ஓடுச்சு, அறுபது பேருக்கு மேல வந்தாங்க, மூணு தடவ கரண்ட் போச்சு, மூணு தடவையும் தானா எழுந்திரிச்சுச்சு. எல்லாருக்கும் நன்றி. இப்ப நான் கேக்குறது, /யூஎஸ்ஆர்-அ இப்படியே தனியா ரீட்-ஒன்லியா வைக்கலாமா, திரும்ப ரூட்டுக்கே கொண்டு போகவா?


பழைய_டெபியன் | திங்கள் இரவு 9.50

கொண்டு போயிரு தம்பி. ரீட்-ஒன்லி தப்பான யோசனை இல்ல, செய்ய முடியும், அப்டேட் போடுற ஆப்ட் ஓடுறதுக்கு முன்னாடி /யூஎஸ்ஆர்-அ ரீட்-ரைட்டா ரீமவுண்ட் பண்ணி முடிஞ்சதும் மாத்துற மாதிரி டிபிகேஜி ப்ரீ-இன்வோக், போஸ்ட்-இன்வோக் ரெண்டு வரி ஆப்ட் கான்ஃபிக்ல எழுதணும். ஆனா கரண்ட் போகும்போது கெட்டுப்போறது எது? அந்த நேரத்துல எழுதிக்கிட்டு இருக்குற ஃபைல். /யூஎஸ்ஆர்ல அப்டேட் நேரம் தவிர யாரும் எழுதுறதே இல்ல. எழுதுறதெல்லாம் /வார்லயும் /ஹோம்லயும். நீ பூட்டு போட்டது யாரும் தொறக்காத ரூமுக்கு. இஎக்ஸ்டி4ல ஜர்னல் இருக்கு, ஃபைல் சிஸ்டம் அமைப்ப அது காப்பாத்தும், பாதி எழுதுன உன் டாக்குமெண்ட்ட அது காப்பாத்தாது. அதுக்கு யூபிஎஸ் பேட்டரி மாத்துறதுதான் வழி, இந்த மாசமே மாத்து. கூடவே /ஹோம்-அ தெனம் ராத்திரி அந்த ஹார்ட் டிஸ்க்ல ஆர்சிங்க் வச்சு காப்பி பண்ணு, அந்த டிஸ்குக்கு அதுதான் ஏத்த வேலை.

திரும்ப கொண்டு போக லைவ் யூஎஸ்பி வேணும், ஓடுற சிஸ்டத்துல பண்ணாத. ரூட்டை மவுண்ட் பண்ணி, ஹார்ட் டிஸ்க் பார்ட்டிஷன வேற எடத்துல மவுண்ட் பண்ணி, ஆர்சிங்க் -ஏஏஎக்ஸ்ஹெச் போட்டு காப்பி பண்ணு, பெர்மிஷன், ஹார்ட்லிங்க், கேப்பபிளிட்டி எல்லாம் கூட வரணும். எஃப்எஸ்டேப்ல வரிய கமெண்ட் மட்டும் பண்ணு, அழிக்காத. ஹார்ட் டிஸ்க்ல இருக்குறதயும் ஒரு வாரம் தொடாத.


வெத்தலைக்கொடி | திங்கள் இரவு 10.02

அண்ணே இந்த தடவ லைவ் யூஎஸ்பிய யாருக்கும் குடுத்துராதீங்க, பேரு எழுதி ட்ராயர்ல வச்சிருங்க. அப்புறம் எஃப்எஸ்டேப் மாத்துனா ரீஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை அடிச்சு பாருங்க, எழுத்துப்பிழை, இல்லாத யூயூஐடி எல்லாம் அங்கேயே சொல்லிரும். உங்க கேஸ்ல அது ஒண்ணும் சொல்லியிருக்காதுதான், ஓடுற சிஸ்டத்துக்கு டிஸ்க் தெரியும்ல.


நீடா_ஜெராக்ஸ்கடை | புதன் இரவு 8.40

கொண்டு வந்துட்டேன். /யூஎஸ்ஆர் ரூட்ல, எஃப்எஸ்டேப்ல வரி கமெண்ட்ல. மோஸ்டுக்கு மாத்தி கம்ப்ரெஸ் எக்ஸ்இஸட் போட்டேன், ஓடாத ஒரு பழைய கெர்னல பர்ஜ் பண்ணேன், /பூட்ல 90 எம்பி மிச்சம் இருக்கு. பூட் பழைய வேகத்துக்கு வந்துருச்சு. ஹார்ட் டிஸ்க்க /எஸ்ஆர்வில நோஃபெயிலோட மாட்டி அடியில சாட்டர் +ஐ போட்டிருக்கேன், ராத்திரி 8 மணிக்கு ஆர்சிங்க் ஓடுது, இன்னிக்கு மொத ஓட்டம் முடிஞ்சுச்சு. பேட்டரிக்கு மன்னார்குடில சொல்லியிருக்கேன், சனிக்கிழமை வருது.